சுருண்ட நாற்றுகள்

புருஷன் செத்து, நடக்க வேண்டியதெல்லாம் நடந்து முடிந்து, அவள் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பியபோது யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்று முன்பே பேசிவைத்திருந்தது பார்த்தாலே தெரிந்தது. அவளுடைய நாற்காலியைத் துடைத்து வைத்திருந்தார்கள். வெள்ளைக் கோட்டைத் துவைத்து மடித்து வைத்திருந்தார்கள். பிரிவுத் தலைவி மட்டும் வாசல்வரை வந்து, "முடியலைன்னா சொல்லிட்டு வீட்டுக்குப் போயிடுங்கம்மா. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றாள்.

"முடியுது மேடம்."

உண்மையிலேயே முடிந்தது. அதுதான் எல்லோருக்கும் சங்கடமாக இருந்தது. வீங்கிய முகத்தோடு வருவாள், நடுவில் எழுந்து போய் அழுதுவிட்டு வருவாள் என்று எதிர்பார்த்திருந்தார்கள். அவள் முகம் எப்போதும்போல் இருந்தது. வீட்டில் துணைக்கு வந்து தங்கியிருந்த பெரியம்மா, அதாவது அவள் மாமியாருக்கு அக்கா, இதைப் பார்த்துப் பயந்தே போயிருந்தாள். "கல்லு மாதிரி உக்காந்திருக்காதடி. ஒரு தடவை வாய்விட்டு அழுதுடு" என்று தினமும் சொன்னாள். அவளும் முயன்று பார்த்தாள். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு நின்றாள். தண்ணீர்தான் வீணாயிற்று.

வேலை பழகிய வேலை. மண்ணில் தங்கிப்போன களைக்கொல்லியைக் கரைப்பான் ஊற்றிப் பிரித்தெடுக்க வேண்டும். பார்த்தால் வெறும் மண்தான். உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் எட்டாது. மண்ணோ பிடித்ததை லேசில் விடாது. மண்ணை நிழலில் உலர்த்தி, சலித்து, எடைபோட்டுக் குழாயில் போட்டு, தண்ணீரும் காரமும் சேர்த்து ஊறவிட்டு, அதன் பிடியைத் தளர்த்தியபிறகுதான் கரைப்பானிடம் ஒப்படைக்க முடியும். பல வருஷமாக இதையே செய்துவந்ததால் கைகள் தாமாகவே செய்தன. தலை எங்கே இருந்தாலும் அவற்றுக்குக் கவலையில்லை.

அவள் புருஷன் நாற்றுப் பண்ணை வைத்திருந்தான். ஊரைத் தாண்டி, பெரிய சாலையை ஒட்டி ஒரு வேலி, பச்சை வலை போட்ட இரண்டு கொட்டகைகள், ஒரு தண்ணீர்த் தொட்டி. அவனும் தம்பியும் சேர்ந்து நடத்தினார்கள். தம்பியை வீட்டில் எல்லோரும் சின்னவன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவனுக்குத் தலை நரைக்க ஆரம்பித்தும் அந்தப் பெயர் மாறவில்லை. அண்ணன் வாய் ஓயாதவன். தம்பி கேட்டால் மட்டும் பதில் சொல்கிறவன். இருவருக்கும் நடுவே ஒரு சண்டையும் வந்ததில்லை, தக்காளி நாற்றுகள் சுருளும்வரை.

அந்தப் பருவத்தில் தக்காளியும் பீன்ஸும் முளைத்து நாலு இலை விட்டதும், இலைகள் உள்பக்கமாக மடிந்து கிண்ணம்போல் ஆயின. தண்டு முறுக்கிக்கொண்டது. தட்டுத் தட்டாக அப்படியே நின்றது. பூச்சியுமில்லை, பூஞ்சையுமில்லை. அண்ணன் இரண்டு நாள் பேசாமல் சுற்றிச்சுற்றி வந்தான். மூன்றாம் நாள் அவனுக்குப் பளிச்சென்று பட்டது: சின்னவன் நடைபாதைப் புல்லுக்குக் களைக்கொல்லி அடித்த அதே தெளிப்பானைக் கழுவாமல் நாற்றுக்குத் தண்ணீர் தெளித்திருக்கிறான்.

"கழுவினேண்ணே" என்றான் சின்னவன்.

"கழுவின லட்சணம் தெரியுதே. கண்ணைத் தொறந்து பாரு."

வேலைக்கு வந்த பெண்கள் முன்னாலேயே அண்ணன் கத்தினான். நீ தொட்டது எது உருப்பட்டிருக்கு என்று கேட்டான். சின்னவன் கையிலிருந்த குழாயைக் கீழே வைத்துவிட்டு, தண்ணீரை நிறுத்திவிட்டு, வெளியே போனான். அதன்பின் வரவில்லை. அண்ணனும் கூப்பிடவில்லை. அந்த மாதக் கடைசியில் ஒருநாள் காலை, கெட்டுப்போன தட்டுகளைத் தூக்கிக் கொட்டிக்கொண்டிருந்தபோது அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அவ்வளவுதான். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

தூக்கிப்போன நாலு பேரில் சின்னவனும் ஒருவன். அவன் தோள் கொடுத்ததைச் சில பேர் முகம் சுளித்துப் பார்த்தார்கள். "தம்பி பண்ண வேலையில அண்ணன் நெஞ்சு வெடிச்சுப் போச்சு" என்று பெரியம்மாவே சொன்னாள், அதுவும் அவன் காதில் விழும்படி. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. அவள் யாரையும் மறுத்துப் பேசவில்லை. அவர்கள் சொல்வது சரி என்று நினைத்தாளா என்றால் அதுவும் இல்லை. எதையுமே அவள் நினைக்கவில்லை.

வேலைக்குத் திரும்பி ஒரு வாரம்போல் ஆகியிருக்கும். உலர்த்திப் போத்தலில் போட்டுவைத்திருந்த மண்ணை ஒவ்வொன்றாகச் சலித்துக்கொண்டிருந்தாள். போத்தல்களில் எண் மட்டும்தான் ஒட்டியிருக்கும். யார் கொடுத்தது என்பது அலுவலகத்துக்குத்தான் தெரியும். ஒரு போத்தலைக் கொட்டிச் சலித்தபோது சல்லடையில் சிவப்பாக ஏதோ தங்கியது. விரலால் ஒதுக்கிப் பார்த்தாள். செங்கல் துணுக்குகள். எல்லாம் மிளகளவு, ஒரே அளவு.

நாற்று மண்ணில் செங்கல் உடைத்துப் போடுகிற ஆள் அவளுக்குத் தெரிந்து ஒருத்தன்தான். தண்ணீர் நன்றாக வடியும் என்பான். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய செங்கல்லைச் சாக்கில் சுற்றிவைத்துச் சுத்தியலால் அடிப்பான், பிறகு உட்கார்ந்து சலிப்பான். "நீ ஆபீஸ்ல சலிக்கிற, நான் வீட்ல சலிக்கிறேன். நம்ம குடும்பமே சல்லடைக் குடும்பம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

நம்ம மண், என்று அவளுக்குள் ஒரு வார்த்தை வந்தது. அதன்பின் வேறு எதுவும் வரவில்லை. செங்கல் துணுக்குகளைத் தனியே தட்டிவிட்டு, கீழே விழுந்த மண்ணை எடைபோட்டாள்.

மற்றக் குழாய்களோடு அதையும் வரிசையில் வைத்தாள். பக்கத்தில் எப்போதும்போல் இரண்டு துணைக் குழாய்கள்: ஒன்றில் மருந்தே படாத மண், இன்னொன்றில் வேண்டுமென்றே மருந்து கலந்த மண். போட்டது எவ்வளவு, திரும்பி வருவது எவ்வளவு என்று பார்த்தால்தான் செய்த வேலையை நம்பலாம். தண்ணீரும் காரமும் விட்டு ஊறவைத்தாள். பிறகு அமிலம் விட்டுச் சமன் செய்தாள். காற்றை உறிஞ்சும் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்துக் கரைப்பானை ஊற்றினாள். மூடியை இறுக்கிக் குலுக்கினாள். அடுத்து, நீரை உறிஞ்சும் உப்பு. உப்பு தண்ணீரில் பட்டதும் குழாய் சூடாகும். அது அதன் குணம், தினமும் நடப்பது. அன்று கையுறைக்கு மேலாகவும் அந்தச் சூடு நன்றாகத் தெரிந்தது. தேவைக்கும் கொஞ்சம் கூடுதலாகவே அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சுழற்றும் இயந்திரத்திலிருந்து வெளியே எடுத்தபோது அடியில் மண், நடுவில் கலங்கல் தண்ணீர், மேலே கரைப்பான். மற்றக் குழாய்களில் கரைப்பான் வெளுத்திருந்தது. இதில் தேநீர் நிறம். எரு நிறைய சேர்ந்த மண் அப்படித்தான் நிறம் விடும். மேலே நின்றதை உறிஞ்சி எடுத்துச் சின்னக் குப்பிக்கு மாற்றிவிட்டு, கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, பிரிவுத் தலைவியின் அறைக்குப் போனாள்.

"மேடம், இன்னிக்கு சலிச்சதுல ஒண்ணு எங்க பண்ணை மண்ணு."

தலைவி கண்ணாடியைக் கழற்றினாள். "எப்படித் தெரியும்?"

சொன்னாள். தலைவி அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டாள். கொடுத்தது கொழுந்தன்தான். எந்தக் களைக்கொல்லி இருக்கிறதோ எல்லாவற்றையும் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டு, பாதைக்கு அடித்த மருந்தின் பெயரையும் எழுதிக் கொடுத்திருந்தானாம்.

"உங்ககிட்ட சொல்லலையா?"

"இல்ல."

"உங்க கைபட்டா நாளைக்கு யாராவது வாய்க்கு வந்ததைப் பேசுவாங்கன்னு நெனச்சிருப்பாரு. நெனச்சதும் சரிதான். நீங்க எடுத்ததைத் தனியா வெச்சிடுங்க. மிச்ச மண்ணை எடுத்து நம்ம சிகரம் தம்பி முதல்லேர்ந்து செய்யட்டும்." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "தப்பா எடுத்துக்காதீங்கம்மா" என்றாள்.

"சரி மேடம்."

தப்பாக எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை. அவள் போய் அன்றைய கண்ணாடிச் சாமான்களைக் கழுவினாள்.

சிகரம் என்பது கருவியைப் பார்த்துக்கொள்பவனின் பட்டப்பெயர். மருந்து இருந்தால் கணினித் திரையில் கோடு மலைமாதிரி எழும்பும். நாள் முழுவதும் அந்த மலைகளையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு வைத்த பெயர். அவன் பெண்டாட்டிகூட அப்படித்தான் கூப்பிடுகிறாள் என்று பேச்சு. இரண்டு நாள் கழித்து அவன் அவளைத் தேடிக்கொண்டு குளிர்பதன அறைக்கு வந்தான்.

"அக்கா, மேடம் உங்ககிட்ட சொல்லலாம்னுட்டாங்க. ரெண்டு தடவை ஓட்டிட்டேன். பாதைக்கு அடிச்சதா சொன்ன மருந்து இருக்கே, அது துளிகூட இல்ல."

அவள் கதவைச் சாத்தினாள். "அப்ப என்ன இருக்கு?"

"வேற ஒண்ணு. புல்வெளிக்கு அடிக்கிறது. புல்லை ஒண்ணும் பண்ணாது, அகல இலைக் களையை மட்டும் கொல்லும். அந்தப் புல்லை மாடு தின்னா, மாட்டுக்கு ஒண்ணும் ஆகாது. மருந்து அப்படியே சாணியில வந்துடும். எரு மக்கினாலும் லேசுல போகாது. அளவு கம்மிதான். ஆனா தக்காளிக்கும் பீன்ஸுக்கும் இதுல கால்வாசி போதும்."

"எருவுலயா?"

"எருவுலதான்க்கா இருக்கணும்." அவன் தரையைப் பார்த்தான். "எரு யாரு வாங்கினது?"

அவளுக்குத் தெரியும். வண்டி வந்த அன்று அவளும் அங்கே இருந்தாள். மாட்டுப் பண்ணைக்காரரோடு பேசிச் சிரித்து, சாணியைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்து, "தங்கம்" என்றான் அவள் புருஷன்.

முடிவை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். "நான் போன்ல சொல்லட்டுமா, நீங்க நேர்ல சொல்றீங்களா?" என்று தலைவி கேட்டாள். நேரில் சொல்வதாகச் சொன்னாள்.

மறுநாள் காலையே பண்ணைக்குப் போனாள். வேலிக்கதவு திறந்திருந்தது. சின்னவன் உள்ளே கத்தரி நாற்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். அண்ணன் போனபிறகு அவன் காலையில் வந்து தண்ணீர் விட்டுவிட்டுப் போகிறான் என்று வேலைக்காரப் பெண்கள் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். அவளைப் பார்த்ததும் குழாயை மடக்கிப் பிடித்தான்.

"வாங்கண்ணி."

"மண்ணு குடுத்தியாமே."

அவன் முகம் இறுகியது. "உங்க கிட்ட வரும்னு நெனக்கலை. வேற யாராவது பார்ப்பாங்கன்னுதான்…"

"வேற ஆளுதான் பார்த்தாங்க." கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு வாளியில் உட்கார்ந்தாள். "உன் தெளிப்பான் இல்ல, தம்பி. பாதைக்கு அடிச்ச மருந்து அதுல இல்லவே இல்ல. எருவுல வந்திருக்கு. மாடு தின்ன புல்லுல எங்கயோ யாரோ அடிச்சது."

அவன் அப்படியே நின்றான். மடக்கிய குழாய் கைக்குள் துடித்துக்கொண்டிருந்தது. பிறகு போய்த் தொட்டிக் குழாயை மூடிவிட்டு வந்தான்.

"நல்லாப் பார்த்தாங்களா?"

"ரெண்டு தடவை."

"துளிகூட இல்லையா?"

"இல்ல."

அவன் மண் தரையில் உட்கார்ந்தான்.

"அண்ணி, அன்னிக்குக் கழுவினேன்னு சொன்னேன்ல. கழுவினேனா இல்லையான்னு எனக்கே தெரியலை. அண்ணன் கேட்டதும் வாய் அதுபாட்டுக்குச் சொல்லிடுச்சு. அப்புறம் யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன். கழுவின மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு. கொன்னுட்டேனான்னு தெரிஞ்சுக்கணும்னுதான் குடுத்தேன். நாத்தைச் சொல்லலை."

"புரியுது."

"இல்லைன்னு தெரிஞ்சா நல்லாயிருக்கும்னு நெனச்சேன்."

"இல்லையா?"

"அவன்கிட்டதானே சொல்லணும், நான் பண்ணலைடான்னு. அவன்தான் இல்லையே." சின்னவன் அண்ணனை அவன் என்று சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. "அத்தனை பேர் முன்னாடி கேட்டான் அண்ணி. எருவை அவனே வாங்கிட்டு என்னைக் கேட்டான்."

"அவருக்கும் தெரியாது."

"தெரியாதுதான். ஆனா என்னைக் கேட்டான்ல."

ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. உள்ளே துழாவினாள். கிடைக்கவில்லை. "அவரு கோவத்தோடயே போயிட்டாரு" என்றாள், மழை பெய்தது என்பதுபோல. சின்னவன் தலையாட்டினான். அந்த ஆறுதலற்ற வார்த்தைதான் அவனுக்குப் போதுமாக இருந்ததோ என்னவோ, எழுந்து கையைத் தட்டிக்கொண்டான்.

"குவியல் இன்னும் பின்னாடி கிடக்கு. அக்கம்பக்கத்துல வந்து அள்ளிட்டுப் போறாங்க. முதல்ல அதை நிறுத்தணும்" என்றான்.

இருவரும் போய்த் தார்ப்பாயை இழுத்து எருக்குவியலை மூடி, நாலு மூலையிலும் கல் வைத்தார்கள். யார் யார் அள்ளிப்போனார்கள் என்று சின்னவன் யோசித்து யோசித்துச் சொன்னான். அவள் ஒவ்வொருவருக்காகப் போன் செய்தாள். காய்கறிக்குப் போடாதீர்கள், போட்டிருந்தால் இந்த வருஷம் சோளம் விதையுங்கள், அது தாங்கும் என்றாள். கடைசியில் மாட்டுப் பண்ணைக்காரருக்கு. அவர் பதறிப்போனார். புல்லைக் கட்டுக்கட்டாக வெளியாளிடம் வாங்கியது என்றார். புல் விற்றவனைக் கேட்டால், அவன் வேறெங்கோ அறுத்து வந்தானாம். யாரைக் கேட்டாலும் அடுத்த ஆளைக் கைகாட்டினார்கள். ஒருவர் மேலும் கோபப்பட முடியவில்லை.

அன்று சாயங்காலம் அவள் பெரியம்மாவிடம் சொன்னாள். பெரியம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"சின்னவன் மேல தப்பில்ல பெரியம்மா. டெஸ்ட் பண்ணியாச்சு. உங்க பிள்ளை வாங்கின எருவுலதான் மருந்து இருந்திருக்கு."

பெரியம்மாவின் கை நின்றது. "செத்தவன் மேலயா பழியைப் போடுற?"

"பழி இல்ல. எரு."

"அவன் ஆசை ஆசையா வளர்த்த நாத்துடி அது. அவனே கெடுத்தான்னு சொல்லணுமா? போனவன் போயிட்டான். அது அப்படியே இருந்துட்டுப் போகட்டுமே."

"போனவரு போயிட்டாரு. இருக்கிறவன் இருக்கானே. அவன் காதுல விழற மாதிரி நீங்கதான் சொன்னீங்க."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். கோபமும் இல்லை. பெரியம்மா ஒரு சட்டையை மடித்து, மறுபடி பிரித்து, மறுபடி மடித்தாள். அது யாருடைய சட்டை என்பதை அவள் அப்போதுதான் பார்த்தாள். "பழி ஓரிடம், பாவம் ஓரிடம்னு ஆயிடுச்சு" என்று பெரியம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு, "அவனைச் சாப்பிட வரச் சொல்லு" என்றாள்.

சின்னவன் உடனே வரவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். பெரியம்மா பரிமாறினாள். மன்னிப்பு என்ற சொல்லை இருவரும் எடுக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் போடவா?" என்றாள் பெரியம்மா. "போதும்" என்றான் அவன். போதும் என்றதைக் கேளாமல் அவள் போட்டாள். அவன் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான். அதற்குமேல் அவர்களுக்குள் எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை. அடுத்த ஞாயிறு கூப்பிடாமலே வந்தான்.

பண்ணையை மூடிவிடலாம் என்றுதான் முதலில் பேச்சு இருந்தது. சின்னவன் ஒத்துக்கொள்ளவில்லை. பழைய மண்ணையெல்லாம் வேலியோரம் பரப்பிச் சோளம் போட்டான். புது மண் கொண்டுவந்தான். எருவை இனிக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதில்லை என்று முடிவாயிற்று. கொஞ்சம் எடுத்து ஒரு தொட்டியில் பீன்ஸ் ஊன்றி, இலை நேராக விரிகிறதா என்று பார்த்தபிறகுதான் வண்டியை உள்ளே விடுவான். விடுமுறை நாட்களில் அவளும் போனாள். அழைத்ததால் அல்ல. வீட்டில் இருந்தாலும் சும்மாதான் இருக்க வேண்டும்.

அப்படி ஒரு காலை, இருவரும் நாற்றுத் தட்டுகளை இரும்பு அடுக்கில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அடுக்கு நகர்ந்து, அவள் ஆள்காட்டி விரல் கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. சின்னவன் சட்டென்று தூக்கிவிட்டான். ரத்தம்கூட வரவில்லை. நகத்தின் ஓரம் கொஞ்சம் சிவந்திருந்தது, அவ்வளவுதான்.

"பட்டுடுச்சா அண்ணி?"

அவள் விரலைப் பார்த்தாள். இன்னொரு கையால் அதைப் பிடித்தாள். "வலிக்குது" என்றாள்.

"தண்ணியில வைங்க."

"வலிக்குது தம்பி." அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ரொம்ப வலிக்குது." அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். விரலுக்கு அவ்வளவு வலி இருக்க முடியாது என்று இருவருக்கும் தெரியும்.

சின்னவன் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றான். ஒரு குவளையில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தான். கொஞ்ச நேரம் காத்திருந்தான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, அந்த வரிசைக்கு இன்னும் தண்ணீர் விடவில்லை. அவன் குழாயை எடுத்துக்கொண்டு, அவள் மேல் சாரல் படாதபடி கோடியிலிருந்து தண்ணீர் விட ஆரம்பித்தான்.